எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தேன்

மணி பதினொன்று ஆகப் போகிறது, இன்னும் தூக்கம் வரவில்லை. பன்னிரண்டு மணிக்குள் தூங்கி எழுந்துவிடு என்று அண்ணன் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், தூக்கம் ஏதோ முக்குக் கடையில் போய்க் குடித்துவிட்டு வருகிற டீ மாதிரி. மில்லில் முழு நைட் பார்த்துவிட்டு எட்டரைக்கு வந்தேன், காதுக்குள் இன்னும் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, மூக்கைச் சிந்தினால் பஞ்சு வருகிறது. குளித்தேன். மதினி வைத்த இட்லி மூன்றையும் தின்றேன். நல்லாருக்கா என்று கேட்டார், நல்லாருக்கு என்றேன், அப்படித்தான் சொல்ல வேண்டும். என் பெண்சாதி ராஜகனி எட்டு மாத வயிற்றோடு போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. இந்தப் பதினோரு மாதத்தில், ஒரே ஒரு நாள் தவிர, எது நன்றாக இருந்தது எது இல்லை என்று என் நாக்கு எனக்குச் சொன்னதே இல்லை. அழுகையும் வரவில்லை. ஊரே அழுதது, நான் பந்தல்காரனுக்குக் கயிறு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு மூன்று மணிக்குச் சாத்தூரில் பெண் பார்க்கப் போகிறோம், வருஷம் திரும்புவதற்குள் ஒன்றை முடித்துவிட வேண்டும் என்பது அண்ணன் கட்சி. போவதற்கு முன்னால் என் வலது கையில் தாயத்து கட்டியாக வேண்டுமாம், இல்லாவிட்டால் புதிதாக வருகிற பெண்ணையும் செத்தவள் விடமாட்டாளாம். தாயத்து மதினி வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் மஞ்சள் துணியில் சுருண்டு கிடக்கிறது. இங்கே என் ஜன்னல் திட்டில் மதுரை டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை, பத்து, ஒன்றைக்கூடக் கிழிக்கவில்லை. தாயத்து கட்டினால் அவள் வரமாட்டாள் என்கிறான் உடுக்கடித்துப் பேய் ஓட்டுகிற கோடாங்கி. மாத்திரை போட்டால் அது வராது என்கிறார் டாக்டர். அவள் என்றாலும் அது என்றாலும் ரெண்டு பேரும் ஒரே கதவைத்தான் சாத்தப் பார்க்கிறார்கள். சாத்தட்டும், எனக்கு ஒன்றுமில்லை. அதற்கு முன்னால் எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். கனி செத்த அன்றைக்கு மத்தியானம் இந்தக் கட்டிலில் நான் எந்தப் பக்கம் பார்த்துப் படுத்திருந்தேன் என்பது. அதைச் சொல்லக்கூடிய ஒரே ஆள் சுவருக்கு அந்தப் பக்கம், அண்ணன் வீட்டில், மாவு ஆட்டிக்கொண்டிருக்கிறார். கிரைண்டர் சத்தம் சுவர் வழியாக வந்து கட்டில் காலில் ஏறி முதுகுக்கு வருகிறது. கேட்டால் மதினி சொல்லிவிடுவார். அதனால்தான் இத்தனை நாளும் கேட்கவில்லை.

கட்டிலுக்கு வலப்பக்கம் வாசல் சுவர். அதில் ஒரு ஓட்டை இருக்கிறது, சுண்டுவிரல் நுனி போகும். அங்கே ஒரு ஆணி இருந்தது, கனி ஒயர் கூடை மாட்டுகிற ஆணி. மஞ்சள் ஒயர் கூடை, ஒரு பிடி அறுந்துபோய் நீல நூலால் சுற்றியிருப்பாள், அந்த நூலும் நான் மில்லிலிருந்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்ததுதான். பகல் ஷிப்டில் எனக்கு அந்தக் கூடையில்தான் சோறு வரும். வேறு கூடை வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம் மாமா, இதுவே கை பழகிப்போச்சு என்பாள். எடுக்கிற அன்று சின்னையா, எங்கள் அப்பாவின் தம்பி, என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வாயும் வயிறுமாப் போன பிள்ளைடா, இரும்பு வைக்காம எடுக்கக் கூடாது, இப்படிப் போனவ மோகினியாத்தான் அலைவா, முதல்ல உன்னையத்தான் தேடி வருவா, அவ கை பட்ட இரும்பு ஏதாச்சும் எடுத்துட்டு வா என்றார். அரிவாள்மனை இருந்தது. தோசைக்கல் இருந்தது. தோசைத்திருப்பி இருந்தது, அதுகூட இரும்புதானே. நான் இங்கே வந்து கூடையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுப் பிளேயரால் இந்த ஆணியைத் திருகிப் பிடுங்கினேன். காரை கொட்டியது. அதை விளக்குமாற்றால் கூட்டி அள்ளி வெளியே போட்டுவிட்டு வந்தேன், வீட்டு நடுவில் பிணத்தை வைத்துக்கொண்டு. குழியில் கால்மாட்டில் அடித்தார்கள். மண்ணில்தான் அடித்தோம், அவ மேல படலடா என்று அண்ணன் இன்னமும் சொல்கிறார். நான் கேட்காமலே சொல்கிறார் என்பதுதான் இடிக்கிறது. நான் பார்க்கவில்லை, தலையைத் திருப்பிக்கொண்டேன். ரெண்டு அடி கேட்டது. மண்ணில் அடித்தால் அந்தச் சத்தம் வருமா என்று மில் பின்பக்கம் ஒரு நாள் ஆணியும் கல்லுமாக உட்கார்ந்து அடித்துப் பார்த்தேன். ஈர மண்ணில் ஒரு மாதிரி கேட்டது, காய்ந்த மண்ணில் ஒரு மாதிரி கேட்டது. அன்றைக்கு மண் ஈரமா காய்ந்ததா என்று ஞாபகம் இல்லை. முந்தியெல்லாம் இப்படிப் போனவளுக்குச் சுமைதாங்கிக் கல் நடுவாக, வழிப்போக்கன் தலைச்சுமையை இறக்கி வைக்க வைக்க அவ வயித்துப் பாரமும் இறங்கும்னு, இப்ப யாரு தலையில சுமக்குறா என்று திரும்பி வரும்போது சின்னையா யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்தார். எல்லாம் முறையாகத்தான் செய்தார்கள். பதினாறு முடிந்து வேலைக்குப் போனேன், பதினெட்டாம் நாள் உச்சிவேளையில் அவள் வந்தாள்.

வருகிறாள் என்றால் நடந்து வருவதில்லை. முதலில் என் கால் கட்டைவிரல் இல்லாமல் போகும். பிறகு முழங்கால், இடுப்பு. கண் திறந்திருக்கும், ஓட்டுச் சாய்ப்பில் கண்ணாடி ஓடு வழியாக விழுகிற வெயில் வட்டம் தெரியும், தெருவில் ஐஸ்காரன் மணி கேட்கும். கத்தலாம் என்றால் நாக்கு மண்கட்டியாகக் கிடக்கும். அப்புறம் மல்லிகைப்பூ வாசனை. அப்புறம் நெஞ்சில் பாரம். முகம் தெரியாது, ஆனால் பெண் என்று தெரியும், எனக்கு எல்லாம் தெரிந்த ஒரு பெண் என்று தெரியும். சொல்ல வெட்கம்தான், முதல் நாளே பயத்தோடு பயமாக உடம்பு அவளுக்கு இசைந்தது. முப்பத்தொரு வயது ஆம்பளை, செத்துப் பதினெட்டு நாள் ஆனவளை உடம்பு கேட்கிறது என்றால் அது என்ன உடம்பு. எழுந்து உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். அடுத்த நாள் கட்டிலில் படுக்கும்போது வருவாளா என்று பார்த்துக்கொண்டு கிடந்தேன். அதற்குள் முனகல் சத்தம் கேட்டு மதினி கண்டுபிடித்துவிட்டார். முதலில் அமுக்கான் பேய் என்றார், மல்லாக்கப் படுக்காதீங்க தம்பி, ஒருக்களிச்சுப் படுங்க சரியாயிரும் என்றார். கட்டிலுக்கு அடியில் அரிவாளைப் போட்டார், அது இன்னமும் அங்கேதான் கிடக்கிறது. மூன்று மாதத்தில் எனக்குக் கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளத்து, மில்லில் பெல்ட்டுக்குப் புதிதாகத் துளை போட்டதும் அமுக்கான் பேய் மோகினியாகிவிட்டது. ஆள் மெலிந்தால் மோகினிதான். சோறு இறங்காமல் மெலிகிறான் என்று யாரும் சொல்லவில்லை. பால்பாண்டி, என் கூட முழு நைட் பார்க்கிற பிட்டர், அவனிடம் மோகினிக் கதை மூட்டையாக இருக்கிறது, கனி இருக்கும்போதிருந்தே கேட்டு வருகிறேன். கால் தரையில் பாவாது. முதுகு இருக்காது. தலை நிறைய மல்லிகை வைத்திருப்பாள். வெத்தலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள், கையால் கொடுத்தால் ஆள் காலி, இரும்பில் தடவித்தான் நீட்ட வேண்டும். அவனுடைய பெரியப்பாவை ஒரு மோகினி ஓடைக்கரையில் பிடித்து வைத்துக்கொண்டு ஆறு மாதம் விடவில்லையாம். இதைச் சொல்லிவிட்டு அவனே சிரித்தான். உண்மையச் சொல்லணும்னா மாப்ள, அந்த ஓடைக்கு அங்கிட்டு ஒரு அக்கா இருந்துச்சு, பெரியம்மா கேட்டதுக்கு மனுசன் மோகினின்னுட்டாரு, பாதி ஊரு மோகினி அப்படித்தான் பொறந்திருக்கும். நானும் சிரித்தேன். பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறித்தான ஆகணும், ஒனக்கென்னடா பகல்லயே வருது, குடுத்து வச்சவன் என்று முதுகில் தட்டினான். ஒன்று மட்டும் அவனிடம் சொல்லவில்லை. கனிக்கு மல்லிகை ஆகாது. தலைவலி வரும் என்று கனகாம்பரம்தான் வைப்பாள். வருகிறவள் மல்லிகை வைத்திருக்கிறாள். கனி இல்லாவிட்டால் யார், கனி என்றால் அந்தப் பூவை யார் வைத்துவிட்டது. ஊமை கண்ட கனவு மாதிரி இதை வைத்துக்கொண்டு திரிந்தேன்.

மதுரைக்கு நானேதான் போனேன். பஸ்ஸில் போய், டோக்கன் வாங்கி, ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து. டாக்டர் சின்ன வயசுக்காரர், நான் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டினார், தெரிந்த வீட்டுக் கதையைக் கேட்கிறவர் போல. இது வியாதியே இல்லப்பா, முழு நைட் பாக்குறவங்களுக்குச் சகஜம் என்றார். கனவு வாரப்ப உடம்பு கை காலைப் பூட்டி வச்சிரும், இல்லேன்னா கனவுல ஓடுறவன் நெசமாவே எந்திரிச்சு ஓடுவான். சில நேரம் மனசு முழிச்சிரும், பூட்டு தெறக்கக் கொஞ்சம் லேட்டாகும். அந்த நேரத்துல மூச்சு மேலாப்புல போறதுனால நெஞ்சுல பாரம் உக்காந்த மாதிரி இருக்கும், பயத்துக்கு மனசே ஒரு உருவம் குடுத்துரும். எல்லாத் தேசத்துலயும் இருக்கு, ஒரு ஊர்ல கெழவி வந்து நெஞ்சுல உக்காருவா, ஒரு ஊர்ல ரெக்கை வச்ச ஒருத்தன் வருவான், நம்ம ஊர்ல மல்லிகைப்பூ வச்சுக்கிட்டு வாரா. மல்லிகைக்கு விடை கிடைத்துவிட்டது. கனியின் பூ இல்லை, பால்பாண்டி கதையின் பூ. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், இதைச் சொல்ல மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. சரி என்று எழுந்திருக்கப் போனேன், அப்போது அவர் எழுதிக்கொண்டே சொன்னார், அந்த நேரத்துல கண்ணு தெரியும், காது கேக்கும், யாராச்சும் பேரச் சொல்லிக் கூப்பிட்டாக்கூட நல்லாக் கேக்கும், எந்திரிச்சுப் போக முடியாது, அவ்வளவுதான். நான் திரும்ப உட்கார்ந்துவிட்டேன். கூப்பிட்டாக் கேக்குமா சார் என்றேன். கேக்கும் என்றார். போக முடியாதா சார். முடியாது, விரலைக்கூட ஆட்ட முடியாதுங்கிறேன். மனைவி இறக்குறதுக்கு முன்னாடி இது வந்திருக்கா என்று கேட்டார். வந்திருக்கலாம் சார் என்றேன். வந்திருக்கும் சார் என்றேன். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் முறுக்கு வாங்கித் தின்றேன், உப்பு தெரிந்தது, எள் தெரிந்தது, இன்னொரு பொட்டலம் வாங்கினேன். பதினோரு மாதத்தில் அந்த ஒரு நாள். ஏனென்றால் செத்த அன்றைக்குக் கனி என்னைக் கூப்பிட்டாள். எனக்குக் கேட்டது. நான் போகவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை. தூங்கிட்டிருந்தேன், எதுவுமே கேக்கல என்றுதான் ஊருக்குச் சொல்லியிருக்கிறேன். பாவம், ராத்திரி பூராம் வேலை பாத்துட்டு வந்தவன், அவனுக்கென்ன தெரியும் என்று எனக்காக ஊர் பேசியது. டாக்டர் சொன்னபடி பார்த்தால் நான் குற்றவாளி இல்லை, பூட்டிக் கிடந்தேன். மோகினி என்று பார்த்தால் அது கனி செத்த பிறகு வந்தது, அன்றைக்கு என்னை யாரும் பூட்டவில்லை, சும்மா படுத்துக் கிடந்திருக்கிறேன். விருதுநகர் தாண்டும்வரை டாக்டர்தான் சரி என்று சந்தோஷமாக வந்தேன். பிறகு ஞாபகம் வந்தது, அவள் செத்த அன்று எழுந்தபோது நான் சுவர்க் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரெண்டாவது முறுக்குப் பொட்டலம் கையில் அப்படியே இருந்தது, இறங்கும்போது பஸ்ஸிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கறை இடப்பக்கச் சுவரில் இருக்கிறது. மழைத்தண்ணீர் இறங்கிய கறை, மேலே அகலமாய்க் கீழே ஒல்லியாய். ஆணி வலப்பக்கம், கறை இடப்பக்கம், நடுவில் நான். அன்றைக்கு நடந்ததை நான் வரிசையாக வைத்துப் பார்க்கிறேன், எத்தனையோ தடவை வைத்துவிட்டேன். வேலை முடிந்து வந்தேன். தலை ரொம்ப வலிக்குது மாமா, கண்ணு ஒரு மாதிரி மங்குது என்றாள். கால் வீங்கியிருந்தது, அமுக்கினால் குழி விழுந்தது, வயிற்றுப் பிள்ளைக்காரிக்குக் கால் வீங்கத்தானே செய்யும். சாயந்தரம் நர்சம்மாகிட்டப் போவோம், ரெண்டு மணி நேரம் தூங்கிட்டு வாரேன் என்றேன். கோபமாகச் சொன்னேனா, இல்லை. அலுப்பாகச் சொன்னேன். அந்த மாதம் எதற்கெடுத்தாலும் கூப்பிடுவாள், குடத்தை இறக்க, கொடியில் துணி எடுக்க, பிள்ளை உதைக்கிறது என்று கையை வைத்துப் பார்க்க. வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தேன், கூடையைப் பார்த்தபடி கண் மூடினேன், அது நிச்சயம். புறவாசலிலிருந்து மாமா என்றாள். கண்ணைத் திறந்தேன், கூடை தெரிந்தது, நீல நூல் தெரிந்தது. மறுபடியும் மாமா. குடமாக இருக்கும் என்று நினைத்தேன். மூன்றாவது தடவை முழுசாக வரவில்லை, மா என்று வந்து நின்றது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் கிரைண்டர் நின்றது. பிறகு திரும்ப ஓடியது. மதினி பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேனா, அல்லது அப்படி நினைத்ததாகப் பிறகு நினைத்துக்கொண்டேனா. அதற்கு அப்புறம் மதினி அலறுகிற சத்தம், என் தோளைப் பிடித்து உலுக்குகிற கை, என் கண்ணுக்கு முன்னால் கறை. புறவாசலில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வலிப்பு வந்து கிடந்தாள், வாயில் நுரை, வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முன்னாலேயே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்கவில்லை, அதைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. கூடைக்கும் கறைக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் எல்லாம். மதினி உலுக்கியதில் புரண்டு இடப்பக்கம் வந்திருக்கலாம், அப்படியென்றால் நான் பூட்டிக் கிடந்தவன், கனி என்னை மன்னித்துவிடுவாள், சாத்தூர்ப் பெண் கையால் காப்பி வாங்கிக் குடிக்கலாம். மதினி வருவதற்கு முன்னாலேயே கறையைப் பார்த்துப் படுத்திருந்தால்.

கிரைண்டர் ஒரே தாளத்தில் ஓடுகிறது. இப்போது எந்தப் பக்கமும் இல்லாமல் மல்லாக்கப் படுத்திருக்கிறேன், வேண்டுமென்றேதான், தாயத்து கட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை. சாத்தூர்ப் பெண் தையல் படித்திருக்கிறாளாம், முதல் புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டானாம், போட்டோவில் கொஞ்சம் பயந்த முகமாக இருந்தாள், பாவம், அவளுக்கு என்னவென்று சொல்லியிருப்பார்கள், நல்ல பையன், மில்லில் பெர்மனென்ட், சம்சாரம் பிரசவத்தில் போயிருச்சு. பிரசவத்தில் இல்லை. புறவாசலில். வெயில் வட்டம் தரையிலிருந்து கட்டில் காலுக்கு ஏறிவிட்டது, பன்னிரண்டு ஆகியிருக்கும், மில் சங்கு ஊதும், அந்தச் சங்கு எட்டு மைலுக்குக் கேட்கும் என்பார்கள், செத்தவர்களுக்கும் கேட்குமா, கட்டைவிரல். கட்டைவிரல் இல்லை. வந்துவிட்டது. முழங்கால் போகிறது, பார்த்துக்கொண்டே இருக்கிறேன், தண்ணீர் ஏறுவது போல ஏறுகிறது. கை. சங்கு ஊதுகிறது, நன்றாகக் கேட்கிறது, முழுசாகக் கேட்கிறது. ஒரு ஈ வந்து என் மேலுதட்டில் உட்கார்ந்தது. நடக்கிறது. மூக்கு ஓரம் போய்த் திரும்பி வருகிறது. ஊதக்கூட முடியவில்லை. மல்லிகை வாசனை வருகிறது, இது பால்பாண்டியின் பூ என்று சொல்லிக்கொள்கிறேன், வாசனைக்கு அது தெரியவில்லை, வருகிறது. பாரம் இறங்குகிறது. கனமான வயிறு என் வயிற்றின்மேல் இருக்கிறது, சூடாக இருக்கிறது, கடவுளே, உள்ளே ஏதோ புரள்கிறது, என் கை எழுந்து அதன்மேல் வைக்கப் பார்க்கிறது, கை எங்கே. உடம்பு அவளைக் கேட்கிறது, நெஞ்சு பயத்தில் அடைக்கிறது, ரெண்டும் ஒரே நேரத்தில், ரெண்டையும் யாரோ ஒருத்தன் தள்ளி நின்று பார்க்கிறான், அவனுக்கு எதுவும் இல்லை, அவன்தான் நான். காதுக்குப் பக்கத்தில் மாமா என்கிறாள். மோகினிக்கு இந்தச் சொல் எப்படித் தெரியும். மாமா என்று நெஞ்சை அமுக்குகிறாள். அமுக்குகிறாளா, உலுக்குகிறாளா. எழுப்புகிறாள். பதினோரு மாதமாக இவள் என்னை எழுப்பிக்கொண்டிருக்கிறாள், நான்தான் மோகம் என்று நினைத்துக் கிடந்திருக்கிறேன். எழுந்திருக்கிறேன் கனி, இதோ வந்துவிட்டேன் என்று சொல்கிறேன், சத்தம் வரவில்லை. காலை ஊன்றப் பார்க்கிறேன், கால் வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம் என்றால் அதுவும் வரவில்லை, போர்வை இடுப்பில் கிடக்கிறது, அதை இழுக்கிற விரல் வரவில்லை, ஈ உதட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. பூட்டிக் கிடக்கிறவனால் ஒரு ஈயை ஓட்ட முடியாது. பூட்டிக் கிடக்கிறவன் சுவர்ப்பக்கம் புரள மாட்டான். கிரைண்டர் நின்றது, பாரம் சட்டென்று போய்விட்டது, கை தானாக எழுந்து உதட்டைத் துடைத்தது.

மதினி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் மாவு கழுவின ஈரம், அதிலேயே மஞ்சள் துணி. "முழிச்சிட்டீங்களா தம்பி, சத்தம் போட்டீங்களேன்னு வந்தேன்" என்றார். "வந்துச்சா?"

"வந்துச்சு."

"இன்னைக்கோட முடிஞ்சிரும். கையக் காட்டுங்க, கட்டி விட்டுருறேன். உங்கண்ணன் காரக் கூட்டியாரப் போயிருக்காக."

கையை நீட்டினேன். மதினி துணியைப் பிரித்துக் கறுப்புக் கயிற்றை எடுத்தார். அவர் கழுத்தில் தாலிக்குப் பக்கத்திலேயே இதே மாதிரி ஒரு கறுப்புக் கயிறு கிடக்கிறது, பத்து மாதமாகக் கிடக்கிறது, தலைவலிக்கு மந்திரிச்சது என்று சொல்லியிருந்தார். ரெண்டு கயிறும் ஒரே முறுக்கு. நூல் வேலை பார்க்கிறவனுக்கு அது தெரியும்.

"மதினி" என்றேன். "அன்னைக்கு நீங்க உள்ள வந்தப்ப நான் எந்தப் பக்கம் பாத்துப் படுத்திருந்தேன்?"

கயிறு பாதி முடிச்சில் நின்றது. என்னைக்கு என்று அவர் கேட்கவில்லை.

"எதுக்கு இப்ப அதெல்லாம்?"

"சொல்லுங்க."

"சுவத்தப் பாத்து" என்று இடப்பக்கத்தைக் காட்டினார். கறையைக் காட்டினார்.

"நீங்க உலுக்குனதுல புரண்டிருப்பேன்."

"இல்ல தம்பி. கதவத் தொறக்கயிலயே அப்படித்தான் இருந்தீங்க. போர்வையக் காது வரைக்கும் இழுத்து விட்டுருந்தீங்க. அம்புட்டு வெயில்ல, இப்படிப் போத்திக் கெடக்காரேன்னு நெனச்சேன்."

அவ்வளவுதான். இதற்குத்தான் பதினோரு மாதம் பயந்தேன். வலிக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், பல் பிடுங்க ஊசி போட்ட இடத்தை நாக்கால் தொட்டுப் பார்ப்பது போல இருந்தது, இருக்கிறது என்று தெரிந்தது, வலிக்கவில்லை. போர்வையை நான் மறந்துவிட்டிருந்தேன். காதை மூடினேன். இந்தக் கையால் இழுத்து மூடினேன்.

"அவ கூப்புட்டது எனக்குக் கேட்டுச்சு மதினி" என்றேன். "மூணு தடவையும் கேட்டுச்சு. எந்திரிச்சிருக்கலாம். எந்திரிக்கல."

மதினி ஏசுவார் என்று நினைத்தேன், அல்லது விடுங்க தம்பி, விதி என்று சொல்வார் என்று நினைத்தேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். கழுத்துக் கயிற்றைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார். "எனக்கும் கேட்டுச்சு" என்றார்.

நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன்.

"கிரைண்டர நிப்பாட்டிட்டுக் கேட்டேன். மாமான்னா. பெறகு ஒண்ணும் காணோம். தம்பி உள்ளதான படுத்திருக்காரு, பாத்துக்கிருவாருன்னு திரும்பப் போட்டுட்டேன். மாவு பாதியில நின்னாப் பதம் போயிருமேன்னு. கால் மணி நேரம் தம்பி. மாவ வழிச்சு வச்சுட்டுத்தான் எட்டிப் பாத்தேன்." அவர் குரல் மாறவே இல்லை, கடைக்குப் போய்வந்த கதை மாதிரி சொன்னார். "பொம்பளைகிட்ட மோகினி வராதுன்னு கோடாங்கி சொல்றான். அவனுக்கென்ன தெரியும்."

வெளியே கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கையில் பாதி முடிச்சோடு தொங்கிய தாயத்தைக் கழற்றிக் கட்டில்மேல் வைத்தேன்.

"நான் சாத்தூருக்கு வரல மதினி. எங்கண்ணன்ட்ட நான் சொல்லிருறேன். என் கதைய மட்டும் சொல்றேன்."

அவர் தாயத்தை எடுத்துத் திரும்ப மஞ்சள் துணியில் சுருட்டினார்.

"ஏ பேச்சி, அவன் கிளம்பிட்டானா?" என்று வாசலிலிருந்து அண்ணன் மதினியைக் கூப்பிட்டார்.

ரெண்டு பேருக்கும் கேட்டது. மதினி என்னைப் பார்த்தார், நான் மதினியைப் பார்த்தேன். அவர் போவார் என்று நானும், நான் போவேன் என்று அவரும் ஒரு நிமிஷம் அப்படியே இருந்தோம்.

"பேச்சி!"

நான் காலை ஊன்றினேன். முழங்காலுக்குக் கீழே இன்னும் மரத்துத்தான் இருந்தது. வலப்பக்கச் சுவரைப் பிடித்தபோது அந்த ஆணி ஓட்டை விரலில் பட்டது. பிடித்துக்கொண்டே நடந்தேன், அண்ணன் மூன்றாவது தடவை கூப்பிடுவதற்குள் வாசலுக்குப் போய்விட வேண்டும்.